வெறும் தாளில் இருபத்து மூன்று கடிதங்கள்

ஜனவரி 28

தொழில்நுட்பக் குழுக்களின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வானூர்திப் பொறியாளர் சங்கத்தின் செயலாளருக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என் அண்ணன் மனைவி என்பதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. எட்டு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பதும் இங்கே தேவையில்லாத விஷயம். தேவையில்லாததைச் சொல்லிவிட்டேன். இருக்கட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் கத்த ஆரம்பித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் கடற்கரை விமானநிலையத்துப் பராமரிப்புக் கூடத்தில் பரிசோதகராக இருக்கிறேன். உலோகத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். இருபது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள் இரண்டு எங்களிடம் இருக்கின்றன. விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசைகிற பலகை ஒன்று உண்டு. மூக்கு ஏறுவதும் இறங்குவதும் அதன் கையில். அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிராக்கெட். அதன் துளைக்குள் சின்னக் குழாய் போன்ற எஃகு வளையம் ஒன்றை, புஷ் என்போம், இறுக்கி அடித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்கிறது விமானத்தைச் செய்த கம்பெனியின் கையேடு.

நவம்பரில் முதல் விமானத்தில் புஷ் தளர்ந்து போயிருந்தது. கழற்றினேன். உள்ளே சிவப்புச் சாயம் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவினேன். துளையின் உள்சுவரில் சிவப்பாக ஒரு கோடு எழுந்து வந்தது. ஆறு மில்லிமீட்டர். புஷ் உள்ளே இருக்கும்வரை நூறு பேர் நூறு தடவை பார்த்தாலும் அது தெரியாது.

கம்பெனிக்கு எழுதினோம். உங்கள் ஊர் உப்புக்காற்று, உங்கள் பராமரிப்பு என்று பதில் வந்தது. விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். "ஒரே ஒரு விமானத்தை வெச்சு நாங்க என்னம்மா முடிவு பண்றது? வேற எங்கேயாவது வந்திருந்தா கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்கள். எங்கேயாவது என்றால் எங்கே போய்ப் பார்ப்பேன்? இந்த விமானம் பல நாடுகளில் பறக்கிறது. உங்கள் சங்கத்துக்கு எழுபது நாடுகளில் கிளை இருக்கிறது. அதனால் உங்கள் மாத இதழுக்கு இரண்டு பக்கக் குறிப்பு அனுப்பினேன். மூன்று வாரத்தில் அது திரும்பி வந்தது. உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் இரண்டு மூத்த உறுப்பினர்களின் பரிந்துரை வேண்டுமாம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் நானே இன்று உறுப்பினர். டிப்ளமோ போதாது என்று அச்சடித்த தாள் ஒன்று வந்தது. "அன்புடையீர், வருந்துகிறோம்." கீழே உங்கள் கையெழுத்து. பக்கத்தில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, கையால் எழுதியிருக்கலாம்.

குறிப்பை மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பரிசோதகர்


பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

"செயலாளர் அவர்களுக்கு" என்ற தொடக்கத்தைப் பார்த்து உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "வாலுன்னு பேர் வெச்சேன், கடைசியில விமானத்தோட வாலையே பிடிச்சுட்டா பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாளைப் பற்றி நீ கேட்டாய், சொல்கிறேன். அப்போது நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம். உறுப்பினர் பிரிவில் கையெழுத்துப் போடுகிற வேலை. ஒரே நாளில் இருநூறு தாள்கள். உன் பெயர் வந்தபோது பேனா நின்றது. ஒரு வரி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். என்ன எழுதுவது? "விதியைப் போட்டது நான் இல்லை" என்றா? பின்னால் நின்றுகொண்டிருந்த மேலதிகாரி, "என்ன, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். நீ கோபப்பட வேண்டியது அந்த "இல்லை"க்கு. அது உனக்குத் தெரியாததால் எட்டு வருஷமாகத் தாளைக் கோபித்துக்கொண்டிருக்கிறாய்.

குறிப்பைப் படித்தேன். மூன்று முறை. நானும் உலோகத்தின் வலிமை படித்துவிட்டு வந்தவள்தான், இங்கே படிப்பதெல்லாம் கூட்டக் குறிப்புகளாகிவிட்டது. நீ சொல்வது சரி என்றுதான் படுகிறது. மார்ச் 12 அன்று கட்டமைப்புக் குழு கூடுகிறது. அதில் வைக்கிறேன். விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களும், விமானம் பறந்த மணிக்கணக்கும் வேண்டும்.

இன்னொன்று. எங்கள் சட்ட ஆலோசகரைக் கத்தரிக்கோல் என்றுதான் கூப்பிடுவோம், எந்த வாக்கியத்தையும் முழுசாக விட்டதில்லை. விமானத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் குறிப்பில் இருக்கக்கூடாது என்கிறார்.

"பேர் இல்லாம போட்டா எந்த விமானம்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"தெரியாது. அதுதான் நமக்குப் பாதுகாப்பு" என்றார்.

என் பல்லைக் கடித்துக்கொண்டு இதை உனக்கு எழுதுகிறேன். நீயும் கடித்துக்கொண்டு படங்களை அனுப்பு.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

படங்கள் இதில் இருக்கின்றன. முதல் இரண்டு நவம்பரில் எடுத்தவை. மூன்றாவது போன வாரம் எடுத்தது.

போன வாரம் இரண்டாவது விமானம் வழக்கமான பரிசோதனைக்கு வந்தது. புஷ்ஷைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"கையேட்டுல இருக்கா?"

"இல்லை சார்."

"அப்புறம் எதுக்கு நல்லா இருக்கிறதைப் போய்க் கழட்டறே? மாட்டும்போது எதையாவது கீறி வெச்சா யார் பொறுப்பு?"

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏணியைப் போட்டு ஏறிக் கழற்றினேன். சாயம் தடவிவிட்டு இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷமும், எதுவும் இருக்கக்கூடாது என்று ஒரு மனசும், இருந்து தொலைக்கட்டும் என்று ஒரு மனசும். அப்படி நினைத்ததற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பொடி தூவினேன். பதினொரு மில்லிமீட்டர். முதல் விமானத்தில் பார்த்த அதே பக்கம், அதே கோணம். இந்த விமானம் இங்கே வந்து ஏழே மாதம், அதற்கு முன்னால் மலை நாட்டில் பறந்தது. உப்புக்காற்றாம், உப்புக்காற்று!

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புதிய பிராக்கெட் வரும்வரை விமானம் நிற்கிறது. நான் கழற்றாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கும் என்று மேனேஜர் எல்லோர் எதிரிலும் சொன்னார். அதைத்தான் நானும் சொல்கிறேன், ஆனால் அவர் அதைக் குற்றமாகச் சொல்கிறார். திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் கருவி அறை. டோக்கனை வாங்கிக்கொண்டு ஸ்பேனரைக் கொடுக்கிறேன். ஸ்பேனரை வாங்கிக்கொண்டு டோக்கனைக் கொடுக்கிறேன். பதினாறு வருஷம் விரிசல் பார்த்த கண்ணுக்கு இந்த வேலை.

விமானத்தின் பெயரை வெட்ட வேண்டும் என்றால் வெட்டுங்கள். "எங்கேயோ ஒரு வாலில் ஏதோ ஒரு விரிசல், படித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்று தலைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள் உங்கள் கத்தரிக்கோலை.

அந்த "இல்லை"யைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை.

வாலு


மார்ச் 14

அன்புள்ள வாலு,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஆறு நாடுகளைச் சேர்ந்த ஒன்பது பேர். ஐந்து பேர் அறையில், நான்கு பேர் போனில். உன் விஷயம் ஏழாவது. ஆண்டு மாநாட்டுக்கு வருகிறவர்கள் கழுத்தில் மாட்டுகிற அட்டையின் நாடா நீலமா பச்சையா என்பது நான்காவது. அதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஏழாவதற்கு வந்தபோது போனில் இருந்தவர்களில் ஒருவர் தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது.

உன் படங்களைக் கைமாற்றிப் பார்த்தார்கள். தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்றுச்சுரங்கம். முப்பது வருஷம் காற்றுச்சுரங்கத்தில் விமானங்களைச் சோதித்தவர், பேச ஆரம்பித்தால் நிற்காது. பதினொரு மில்லிமீட்டர் படத்தை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாம அறிவுச் சங்கம். போலீஸ் இல்லை. ஒரு கம்பெனி மேல கை நீட்டறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்றார். மூன்று பேர் கொண்ட துணைக்குழு, அறிக்கை அக்டோபரில்.

"அக்டோபரா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. குறிப்பு எடுப்பவள் பேசக்கூடாது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். தூங்கியவர்கூட விழித்துக்கொண்டார்.

இந்தச் சங்கத்தை நான் வெறுக்கவில்லை, வாலு. நீ வெறுக்கிறாய், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே எழுதுகிற ஒரு பக்கம் எழுபது நாடுகளில் படிக்கப்படுகிறது. வேறு வேறு மொழி பேசுகிறவர்கள், ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், ஒரே அளவையும் ஒரே சொல்லையும் பயன்படுத்துவது இந்தக் கட்டடத்தால்தான். எரிச்சல் என்னவென்றால், இவ்வளவு நீளமான கை இருந்தும் அதைத் தூக்க ஆள் இல்லை.

இரண்டு நாள் மதிய இடைவேளையில் உறுப்பினர் பதிவேட்டின் அட்டைகளைப் புரட்டினேன். உன் ரக விமானத்தைப் பராமரிக்கிற இடங்களில் நம் உறுப்பினர் இருப்பது இருபத்து மூன்று இடம். பதினான்கு நாடுகள். புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள் என்று அவர்களுக்கு நான் எழுதப்போகிறேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். சங்கத்தின் முத்திரை போட்ட தாளில் எழுதினால் வந்த அன்றே அறிவிப்புப் பலகையில் குத்துவார்கள். ஆனால் குழுவின் அனுமதி இல்லாமல் அந்தத் தாளைத் தொட்டால் என் வேலை போகும். வெறும் தாளில் எழுதினால் அது என் சொந்தக் கடிதம். பதிவேட்டைப் பார்த்தது தப்புதான், ஆனால் திட்டு வாங்கித் தப்பித்துவிடலாம். என் மனசு முத்திரைத்தாளைத்தான் சொல்கிறது. உன் அண்ணன் எதுவும் சொல்ல மறுக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே பெரிசு, நடுவுல நான் வரலை" என்கிறார்.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

வெறும் தாளில் எழுதுங்கள்.

எனக்குக் கருவி அறை கிடைத்தது போதும். நீங்களும் வேலையை இழந்து உட்கார வேண்டாம். அண்ணன் முட்டி வலியோடு வேலைக்குப் போவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

அதோடு, அந்த முத்திரையில் அப்படி என்ன இருக்கிறது? விரிசலுக்கு முத்திரை தெரியுமா? படத்தைப் பார்த்தால் வேலை தெரிந்தவனுக்குப் புரியும். புரியாதவனுக்கு முத்திரை இருந்தும் புரியாது. என்னைத் தகுதியில்லை என்று சொன்ன தாளின் தயவில்தான் இந்த விஷயம் வெளியே வர வேண்டும் என்றால், எனக்கு அது வேண்டாம். உங்கள் சொந்தக் கையால் எழுதுங்கள். என் பெயரும் போடுங்கள்.

மூன்றாவது படத்தின் இருபத்து மூன்று பிரதிகள் இந்த உறையில் இருக்கின்றன. வீட்டுக்காரர் பஸ் டிப்போவிலிருந்து வருகிற வழியில் ஸ்டுடியோவில் நின்று வாங்கி வந்தார். புஷ்ஷை எப்படிக் கழற்றுவது என்று ஒரு பக்கத்தில் வரைந்திருக்கிறேன். கீறல் படாமல் கழற்ற வேண்டும், அதை அழுத்திச் சொல்லுங்கள்.

வாலு


மே 3

வாலு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

ஏப்ரல் 6 அன்று இருபத்து மூன்று கடிதங்களையும் தபாலில் போட்டேன். வெறும் தாள், என் கையெழுத்து, உன் பெயர், உன் படம், உன் வரைபடம். ஏப்ரல் 20 வரைக்கும் நான்கு பதில்கள் வந்தன. ஓரிடத்தில் பார்த்துவிட்டார்கள், விரிசல் இல்லை. இரண்டு பேர் "நேரம் கிடைக்கும்போது பார்க்கிறோம்" என்றார்கள். நான்காமவர், "நீங்கள் யார்? எங்கள் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டிருந்தார்.

ஏப்ரல் 21 அன்று ஒரு தீவின் விமானநிலையத்தில் இதே ரக விமானம் இறங்கும்போது வாலின் பலகை மாட்டிக்கொண்டது. பிராக்கெட் இரண்டாகப் பிளந்திருந்தது. ஓடுபாதையை விட்டு வெளியே போய் வேலியில் மோதி நின்றது. உயிர் யாருக்கும் போகவில்லை, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. பதினேழு பயணிகளில் பதினொரு பேருக்குக் காயம். விமானிக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன. இருபத்தொன்பது வயதுப் பெண்.

அந்த இடம் நம் இருபத்து மூன்றில் ஒன்று.

24ஆம் தேதி காலை அங்கிருந்து பராமரிப்புத் தலைவரின் ஃபேக்ஸ் வந்தது. முழுவதையும் எழுத என்னால் முடியாது. ஒரு பகுதியை மட்டும் அப்படியே பெயர்க்கிறேன்: "உங்கள் கடிதம் 16ஆம் தேதி வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் வெறும் தாளில் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பரிசோதனையில் பார்க்கலாம் என்று மேசைத் தட்டில் வைத்தேன். சங்கத்தின் தாளில் வந்திருந்தால் அன்றே விமானத்தை நிறுத்தியிருப்பேன். உங்களைக் குறை சொல்லவில்லை. தட்டில் வைத்தது என் கை."

படித்து முடித்ததும் எழுந்தேன். அலமாரியைத் திறந்து முத்திரைத்தாளை எடுத்தேன். விமானத்தின் பெயர், கம்பெனியின் பெயர், பிராக்கெட்டின் எண், எல்லாம் போட்டு, "இன்றே விமானத்தை நிறுத்தி, புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்" என்று தட்டச்சு செய்தேன். மீதி இருபத்திரண்டு இடங்களுக்கும் ஃபேக்ஸ் அனுப்பி முடிக்கப் பகல் இரண்டு மணி ஆயிற்று. கத்தரிக்கோல் ஒரு முறை வந்து எட்டிப்பார்த்தார். "இன்னிக்கு ரொம்ப வேலையோ?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

இரண்டே நாளில் பத்தொன்பது பதில்கள். எட்டு இடத்தில் விரிசல். அதில் ஒன்று பதினாறு மில்லிமீட்டர். மே 1 அன்று கம்பெனி உலகம் முழுவதற்கும் உத்தரவு போட்டுவிட்டது, எல்லா விமானத்திலும் புஷ்ஷைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று.

நேற்று என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அனுமதியின்றி முத்திரைத்தாளைப் பயன்படுத்தியதற்கு ஜூன் இதழில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ராஜினாமா. நான் செய்தது தப்பு என்று குழுவில் ஒருவர்கூட நினைக்கவில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டுமாம். காற்றுச்சுரங்கம் என் முகத்தையே பார்க்கவில்லை.

ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணி


மே 16

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கருவி அறையில், டோக்கன் மாட்டுகிற பலகைக்கு எதிரில் உட்கார்ந்து படித்தேன். யாரோ ஸ்பேனர் கேட்டு ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நீங்கள் முத்திரைத்தாளில் எழுதத்தான் நினைத்தீர்கள். வேண்டாம் என்றது நான். உங்கள் வேலைக்காகச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி வீம்பு. என்னைச் சேர்த்துக்கொள்ளாத சங்கம் இல்லாமலே இதைச் செய்து காட்ட வேண்டும் என்கிற வீம்பு. அந்த விமானியின் கால்களை நினைக்கும்போதெல்லாம் என் கடிதத்தின் "வெறும் தாளில் எழுதுங்கள்" என்ற வரி காதில் கேட்கிறது. வீட்டுக்காரர் "நீ எச்சரிக்கை பண்ணலைன்னா இன்னும் எத்தனை விழுந்திருக்குமோ" என்கிறார். அது சரிதான். அது சரியாக இருப்பதால் இது சரியாகிவிடவில்லை.

உத்தரவு இங்கேயும் வந்துவிட்டது. மேனேஜர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கருவி அறை வாசலில் வந்து நின்றார். "அந்தப் புஷ்ஷை நீ எப்படிக் கழட்டினே, நம்ம ஆளுங்களுக்குக் காட்டு" என்றார். அவ்வளவுதான். "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு சொல் இல்லை. காட்டினேன். மறுபடியும் பரிசோதகர் வேலைக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு வந்தது, காரணம் என்ற இடத்தில் "நிர்வாக வசதி" என்று எழுதியிருந்தது. உத்தரவில் என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. "பயன்படுத்துவோரிடமிருந்து வந்த தகவல்களின் அடிப்படையில்" என்று ஒரு வரி. இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துப் பொருமினேன். பிறகு அலுத்துப்போய்விட்டது.

ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள், அண்ணி. மன்னிப்பை எழுதுங்கள்.

நீங்கள் அதிர்ச்சியடைவீர்கள் என்று தெரியும். நான் "எழுதாதீர்கள், தலை குனியாதீர்கள்" என்று குதிப்பேன் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? மூன்று மாதத்துக்கு முன்னால் குதித்திருப்பேன். ஆனால் நீங்கள் எழுந்துபோனால் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கோ ஒரு கூடத்திலிருந்து என்னைப் போல ஒருத்தி எழுதுவாள். அவளுக்கு அங்கே அண்ணி இருக்கமாட்டாள். அலமாரிச் சாவி கையில் இருக்கிற, அதைத் திறக்கிற ஒருத்தி அந்த அறையில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு பொய்யான மன்னிப்பு கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கேட்டுத் தொலையுங்கள்.

அந்த "இல்லை"யை நான் மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. ஆனால் பின்னால் ஆள் நிற்கும்போது என்ன வாயில் வரும் என்பது எனக்கும் இப்போது கொஞ்சம் தெரிகிறது.

வாலு


ஜூன் 9

அன்புள்ள வாலு,

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். உன் அண்ணன் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்டால் "சும்மா" என்கிறார்.

மன்னிப்பை நான்கு தடவை எழுதினேன். நீ சொன்ன மாதிரி பொய்யாக ஒன்று எழுதிப் பார்த்தேன், கை போகவில்லை. நிஜமாகவே மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு விஷயம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டேன். இதழின் கடைசிப் பக்கத்தில், திருத்தங்கள் பகுதியில் வந்திருக்கிறது:

"ஏப்ரல் 6 அன்று வால் பிராக்கெட் விரிசல் பற்றி உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேருக்கு நான் எழுதிய கடிதம் வெறும் தாளில் இருந்தது. அதைச் சங்கத்தின் தாளில்தான் எழுதியிருக்க வேண்டும். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்யாமல் விட்டேன். அதனால் எங்கள் உறுப்பினர் ஒருவரின் விமானம் ஐந்து நாள் கூடுதலாகப் பறந்தது. காயம்பட்ட விமானியிடமும் பதினொரு பயணிகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். விரிசலை முதலில் கண்டவர் கடற்கரை விமானநிலையம் ஒன்றின் பரிசோதகர். அவர் எங்கள் உறுப்பினர் அல்ல. — செயலாளர், தொழில்நுட்பக் குழுக்கள்."

திருத்தங்கள் பகுதியைக் கத்தரிக்கோல் படிப்பதே இல்லை. "பக்கம் அறுபது, மீட்டர் என்பதை மில்லிமீட்டர் என்று திருத்திப் படிக்கவும்" என்பதற்குக் கீழே அதைப் போட்டேன். முப்பதாயிரம் பிரதிகளும் தபால் மூட்டைகளில் ஏறிய பிறகுதான் காற்றுச்சுரங்கம் போனில் கூப்பிட்டார்.

"நாங்க கேட்ட மன்னிப்பு இது இல்லையேம்மா?"

"எனக்குக் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு இதுதான் சார்."

"அனுமதி இல்லாம முத்திரைத்தாளை எடுத்தது தப்புன்னு எங்கேயும் இல்லையே?"

"எடுக்காம இருந்தது தப்புன்னு எழுதியிருக்கேனே சார்."

பேச்சு நிற்காத மனிதர் அதற்கு மேல் ஒரே ஒரு வரிதான் சொன்னார், வாலு. "அந்தப் படத்தை நான் மார்ச்சிலேயே பார்த்தேன்" என்றார். "ஆமா சார், கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தீங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இன்றைக்கு என்னைப் பற்றி முடிவு எடுக்கிறார்கள். இதை என் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கூட்டம் மேல்மாடியில். அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று ஆசைதான். துணைக்குழுவின் அறிக்கை இன்னும் அக்டோபரில்தான், உலகமே பார்த்து முடித்த விரிசலைப் பற்றி! அதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு ஃபேக்ஸ் வந்தது. நான் கேள்விப்பட்டிராத ஊர், வேறு ரக விமானம், சக்கரத்தைத் தாங்குகிற தண்டில் ஏதோ கோடு தெரிகிறதாம். இதழின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாராம். "நான் உறுப்பினர் இல்லை. யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை" என்று தொடங்குகிறார். படம் மங்கலாக இருக்கிறது. எனக்கு அது விரிசலா கீறலா என்று புரியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல், தபாலில் வேண்டாம், போன் செய். கத்தினாலும் பரவாயில்லை.

மேலே வரச் சொல்லி ஆள் வந்து நிற்கிறார். ஐந்து நிமிஷம் என்று சொல்லியிருக்கிறேன். முத்திரைத்தாள் ஏற்கெனவே தட்டச்சுப்பொறியில் ஏறிவிட்டது. ஃபேக்ஸ் அனுப்பியவருக்கு முதல் வரி எழுதிவிட்டுத்தான் போவேன்.

அண்ணி